எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன்

அப்பளம் நொறுங்கும் சத்தம். இலையிலேயே வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. சோற்றின் மேல் சரசரவென்று உடைந்து உதிரும் அந்தச் சின்னச் சத்தம். கல்யாணப் பந்தியில் வரிசை வரிசையாக எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. எனக்குப் பிடரி சில்லிட்டுப்போகும். கை சோற்றில் இருக்கும், தலை தானாகப் பின்னால் திரும்பும்.

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறவர்கள் எங்களுக்குப் பின்னால், நாற்காலி முதுகில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ஊரில் கல்யாணச் சாப்பாடு அப்படித்தான். பாயசத்துக்கு வந்துவிட்டோமா, மோருக்கு வந்துவிட்டோமா என்று ஒரு ஜோடிக் கண்கள் நம் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கினார். நான் திரும்பினேன். பின்னால் நின்ற பெண்மணி சங்கடப்பட்டுப்போய், "நீங்க நிதானமா சாப்பிடுங்கோ, நேக்கு ஒண்ணும் அவசரமில்லே" என்றாள்.

நான் திரும்பியது அவளைப் பார்க்க இல்லை. அதை எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு இலைக்குத் திரும்பினேன். சோறு இறங்கவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது பின்னாலிருந்து மட்டும் வராது. எதிரிலிருந்தும் வரும், கொஞ்சம் கீழேயிருந்து, கட்டில் உயரத்திலிருந்து.

எழுபதுகளின் பிற்பாதி அது. தியாகராய நகரில், பனகல் பார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஜவுளிக்கடை வேலைக்காக வந்த குடும்பம். அப்பா நாள் முழுக்கக் கடையில் நின்றபடி துணி கிழிப்பார். நான் ராயப்பேட்டையில் ஒரு சின்ன ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முன்கட்டில் வீட்டுக்காரர்கள். பழைய மயிலாப்பூர்க் குடும்பம். ஏதோ கணக்கு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, மாமி, ஒரு மருமகள், நாலு வயதில் ஒரு பேரன். இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல்.

அம்மாவுக்கு முதலில் சோறு அடைத்தது. நெஞ்சில் ஏதோ நிற்கிறது என்பாள், தண்ணீர் குடிப்பாள், இறங்கிவிடும். அப்புறம் இட்லி நின்றது. அப்புறம் குழைந்த கஞ்சி. கடைசியில் அந்தத் தண்ணீரே நின்றது. உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அடையாறு என்றால் ஆறும் பெரிய தோட்டமும் நிழலும் உள்ள இடம் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நானும் ஆமாம் என்பேன். அன்றைக்கு எங்கள் தெருவில் அது ஒரு வியாதியின் பெயர். "பின்கட்டு அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று யாராவது கேட்டால், வீட்டுக்கார மாமி குரலை இறக்கி, "அடையார்ல காட்டிண்டிருக்கா" என்பாள். கேட்டவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். வாசல் பக்கம் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார்.

அம்மாவின் வயிற்றில் ஒரு துளை போட்டு, ரப்பர் குழாய் ஒன்று வைத்து அனுப்பினார்கள். குழாயின் நுனியில் புனல் வைத்து ஊற்ற வேண்டும். வடிகட்டிய கஞ்சி, பால், மோர், பருப்புத் தண்ணீர். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன்பும், வந்த பிறகும் நான்தான் ஊற்றுவேன். மதியத்துக்கு மாமி. ஊற்றும்போது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், யாரோ வேறொருத்திக்கு நடக்கிற காரியம் மாதிரி. ஒரு நாள் கேட்டாள்:

"இன்னைக்கு என்னட்டி ஊத்துத?"

"பருப்புத் தண்ணிம்மா."

"பெருங்காயம் போட்டியா?"

"போட்டேன்."

"எதுக்கு?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததில் புனல் ஆடி, சேலையெல்லாம் பருப்புத் தண்ணீர். அந்தச் சிரிப்பு நின்றதும் அறைக்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு அது எழுந்து போகவே இல்லை.

வயிறு நிறைந்துவிடும். வாய்தான் காய்ந்து கிடக்கும். அம்மா பசிக்கிறது என்று சொன்னதே இல்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்தத் தடவல் எங்கள் வீட்டையே மாற்றிவிட்டது. கடுகு வெடிக்கிற சத்தம் நின்றது. நான் தாளிப்பதை விட்டேன். மீன் வாங்குவதை விட்டோம். கருவாடு பற்றிப் பேச்சே கிடையாது. அப்பா கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்து, வெற்றிலை போடாமல், ஒன்றும் சாப்பிடாதவர் மாதிரி வீட்டுக்குள் வருவார். நான் முற்றத்துத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்றபடியே நாலு வாய் விழுங்குவேன். திருடித் தின்கிறவள் மாதிரி, மெல்லாமல், சத்தம் வராமல். முன்கட்டிலும் அப்படியே. மாமி அப்பளம் பொரிக்கிற நாளில் ஜன்னல் கதவுகளைச் சாத்துவாள். முற்றத்தைக் கடந்து எதையாவது எடுத்துப் போனால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிக்கொண்டு போவாள்.

எல்லாம் பரிவுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் அடியில் இன்னொன்று இருந்தது.

யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிடக் கூடாது, அப்படிச் சாப்பிட்டால் அவர்களுக்கும் ஒரு வாய் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காமல் தின்றால் கண் பட்டு வயிறு வலிக்கும். எங்கள் பக்கத்திலும் இது உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு. என் சின்ன வயதில் இதையெல்லாம் கறாராகக் கடைப்பிடித்தவள் அம்மாதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வயிற்றைப் பிடித்தால், "எவ முன்னால என்னத்தத் தின்ன?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கையில் மூடி என்னைச் சுற்றி, அடுப்பில் போடுவாள். நெடி வராவிட்டால் கண். வந்தால் வெறும் அஜீரணம்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் பேரன் கையில் முறுக்கோடு எங்கள் அறைக்குள் வந்துவிட்டான். கட்டில் ஓரத்தில் நின்று கடக் கடக்கென்று கடித்தான். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் அவன் வாயோடு சேர்ந்து அசைந்தன. ஒவ்வொரு கடிக்கும் அவள் தாடை கொஞ்சம் கொஞ்சமாக ஆடியது. பையன் ஒரு துண்டு உடைத்து, "மாமி, இந்தா" என்று நீட்டினான். அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அதற்குள் அவன் அம்மா ஓடிவந்து, "வாடா இங்கே!" என்று இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ராத்திரி அவனுக்கு வயிறு வலித்திருக்கிறது. மறுநாள் காலை முன்கட்டிலிருந்து மிளகாய் அடுப்பில் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"நெடி வரலையே" என்றாள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றிலிருந்து யாராவது தட்டோடு முற்றத்தில் போனால், கூப்பிட்டுச் சொல்லாமலே, தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் கண்ணைத் தானே கட்டிவைப்பது மாதிரி. நாங்கள் ஒளிந்து தின்றோம், அவள் ஒளிந்துகொண்டாள். அந்த வீட்டில் உயிரோடு இருக்கும்போதே அவள் பாதி ஆவியாகிவிட்டிருந்தாள்.

டெலிவிஷன் முன்கட்டுக் கூடத்தில் இருந்தது. நாலு காலில் நின்ற ஒரு மரப் பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு. மாமா அதைத் திறக்கும் விதத்தைப் பார்த்தால் சாமி அலமாரியைத் திறக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். கறுப்பு வெள்ளை. காற்றடித்தால் மொட்டை மாடியில் ஆன்டெனா திரும்பிவிடும், படத்தில் மழை பெய்யும். வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் தெருவே வந்து தரையில் உட்காரும். எங்களுக்கெல்லாம் பாத்திரம் தேய்க்கிற அம்மா, ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வருகிறவள், வேலையை முடித்துவிட்டு வாசல் நிலைப்படியில் ஒருக்களித்து உட்கார்ந்துகொள்வாள். எங்கள் அம்மாவை நான் கைத்தாங்கலாக அழைத்துப்போய், கூடத்தின் பின் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைப்பேன். யாரும் அங்கே ஒன்றும் தின்னமாட்டார்கள். பொட்டலம் கொண்டுவந்தவர்கள்கூட மடியில் மறைத்துக்கொள்வார்கள்.

அந்த விளம்பரம் அப்போது வரத் தொடங்கியது.

ஏதோ ஒரு சமையல் எண்ணெய். கல்யாணப் பந்தல். தொப்பையும் வியர்வையுமாக ஓர் ஆள் இலை முன்னால் உட்கார்ந்திருப்பான். அப்பளத்தை நொறுக்குவான், கூடம் முழுக்கக் கேட்கும். வடையைப் பிய்த்து வாயில் திணிப்பான். கேமரா அவன் வாய்க்குள்ளேயே போய்விடும்; பல், நாக்கு, அரைபட்ட வடை. சாம்பார் உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு வழியும். அவன் முழங்கையிலிருந்து மேல்நோக்கி நக்கிக்கொண்டே வருவான். பந்தலுக்கு வெளியே ஒரு மெலிந்த ஆள், கழியைப் பிடித்துக்கொண்டு, எச்சில் விழுங்கிக்கொண்டு பார்ப்பான். குரல்வளை ஏறி இறங்கும். இவன் ஏப்பம் விடுவான். அந்த ஏப்பத்தில் எண்ணெய் டின் ஒன்று சுழன்று வந்து நிற்கும். வெளியே நிற்கிறவன் வயிற்றைத் தடவிச் சிரிப்பான். ஒரு குரல்: "பார்த்தாலே பசி தீரும்!"

முதல் நாள் கூடமே முகம் சுளித்தது.

"சீ, கர்மம்" என்றாள் மாமி. "முழங்கையை நக்கறான் பாருங்கோ, பன்னி மாதிரி."

"பாத்தாலே பசி தீரும்னா ரேஷன் கடையை இழுத்து மூடிட வேண்டியதுதானே" என்றார் மாமா.

பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு வேறு கோபம். "அவன் துன்றது இருக்கட்டும் சாமி. வெளிய நிக்கறானே, அவனுக்கு ஒரு வடை குட்த்தா இன்னா, கொறஞ்சா பூடுவான்? பாத்துக்கினே நிக்கறான், பல்ல இளிச்சிக்கினு. பசிச்சவன் எவனாவது சிரிப்பானா? எங்க பேட்டைக்கு வரச் சொல்லு, காட்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது. பின் சுவரோரம் அம்மா இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாப் பிடரிகளும் விறைத்து நின்றன. நான் மட்டும் பார்த்தேன். அம்மா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, கண்ணை அகல விரித்து, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி வெளிச்சம் அவள் கன்னக் குழியில் விழுந்து விழுந்து எழுந்தது. சுவர்ப் பக்கம் அவள் திரும்பவில்லை.

அது ஒவ்வொரு வாரமும் வந்தது. அது வரும்போதெல்லாம் மாமா தொண்டையைக் கனைப்பார். ஒரு தடவை எழுந்துபோய் ஒலியைக் குறைத்தார். சத்தம் இல்லாமல் அந்த வாய் இன்னும் கோரமாக இருந்தது. இன்னொரு தடவை பெட்டிக் கதவை இழுத்து மூடிவிட்டார், தெருக்காரர்கள் "பாட்டு போயிடும் மாமா, பாட்டு போயிடும்!" என்று கத்தித் திறக்கவைத்தார்கள். சாக்கடை அடைத்தால், பஸ் நிற்காமல் போனால், உடனே உட்கார்ந்து மனு எழுதுகிறவர் அவர். இதற்கும் எழுதினார். கடற்கரையில் இருக்கிற டெலிவிஷன் நிலையத்துக்கு, தெருவாசிகள் எல்லாரும் கையெழுத்திட்டு, தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் காகிதங்களோடு எங்கள் கட்டுக்கு வந்தார். அப்பா வீட்டில் இருந்தார். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முற்றத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"முதல் கையெழுத்து உங்காத்தோடதா இருக்கணும்னு இடம் விட்டு வச்சிருக்கேன்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் படித்தும் காட்டினார். உணவை இவ்வளவு அருவருப்பாகக் காட்டுவது, பசித்தவனை எள்ளி நகையாடுவது, நோயாளிகள் உள்ள வீடுகளில் இது எவ்வளவு கொடுமை என்பது. அந்த இடத்தில் குரல் கம்மியது. உண்மையாகவே கம்மியது. "வாயால ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க முடியாத ஒரு ஜீவன் கூடத்துல உக்காந்துண்டிருக்கு. அது எதிர்க்க அந்தத் தடியன் முழங்கையை நக்கறான். என்னால தாங்க முடியலை சார்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"போடாதிய" என்றாள் அம்மா.

அவளுக்குக் குரல் ஏற்கெனவே தேய்ந்துவிட்டிருந்தது. காற்றோடு கலந்து வரும். மாமாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன சொல்றா?"

"வேண்டாம்னு சொல்லுதா" என்றார் அப்பா.

"உங்களுக்காகத்தான்ம்மா இவ்வளவும்."

"எனக்காவ வேண்டாம்யா."

"அவன் சாப்பிடற அழகைப் பாத்தேளா? அசிங்கம் இல்லையா அது?"

"ஆமா, அசிங்கமாத்தான் திங்கான்." அம்மா மூச்சு வாங்கினாள். "ஆனா எம் முன்னால திங்கான்லா."

முற்றத்தில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவன் படத்துல இருக்கவன். அவனுக்கு எங்கண்ணு படாது. வயித்து வலி வராது. நான் பயமில்லாமப் பாத்துக்கிட்டே இருக்கலாம்." மறுபடியும் மூச்சு. "இந்த வீட்டுல வேற யாரு இருக்கா, எம் மூஞ்சிக்கு நேரா ஒரு வாய் சோறு திங்க?"

அப்பா பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, திருப்பித் திருப்பி மூடினார். மாமா காகிதங்களை மடித்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. அடுப்பில் விழுந்த மிளகாய் அவருக்கும் தெரியும்தானே. "குழந்தைக்கு அன்னிக்கு…" என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார். வாசலில் பாத்திரம் தேய்க்கிற அம்மா, முழங்கை வரைக்கும் சாம்பலோடு நின்றிருந்தாள்.

"வுடு சாமி" என்றாள். "அந்தம்மாவுக்குப் புட்ச்சிருக்குது. வுட்டுடு."

அவர் விடவில்லை. விட முடியாது, தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எங்கள் இடத்தைக் காலியாகவே வைத்து அனுப்பினார். "பாவம், மனசு நொந்து போட மாட்டேங்கறா" என்று மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்வி. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அம்மா சொன்னதை அப்படித்தான் அவரால் புரிந்துகொள்ள முடிந்திருக்கும்.

கொஞ்ச நாளில் விளம்பரம் நின்றது. மனுவால் நின்றதா, எண்ணெய்க்காரன் பணம் கட்டிய காலம் முடிந்து நின்றதா, யாருக்கும் தெரியாது. நிலையத்திலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு சோப்பு வந்தது, நுரையும் குழந்தையுமாக. தெருவுக்கு அது பெரிய வெற்றி. "பொதுஜனம் ஒண்ணு சேர்ந்தா நடக்கும்" என்று மாமா வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி நெய் ஊற்றிக் கேசரி கிளறினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. முற்றத்தைத் தாண்டிப் பின்வாசல் வழியாகப் போகும்போது மேலே ஒரு தட்டு கவிழ்ந்திருந்தது, ஆனால் நெய் வாசனைக்கு மூடி ஏது? அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்களுக்கு மட்டும் கேசரி வரவில்லை. அதுவும் பரிவுதான்.

அந்த வெள்ளிக்கிழமையும் அம்மா கூடத்துக்கு வந்தாள். பாட்டு முடிந்து பாட்டு வந்தது. நடுவில் சோப்பு வந்தது, பிரஷர் குக்கர் வந்தது, தலைவலித் தைலம் வந்தது. அம்மா ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்ந்தாள், பிறகு பின்னால் போனாள்.

"வரலையே" என்றாள் என் காதில்.

"நிறுத்திட்டாங்கம்மா."

"ஓ" என்றாள். தெரிந்தவர் யாரோ ஊரை விட்டுப் போய்விட்டார் என்று சொன்னால் எப்படிச் சொல்வாளோ அப்படி. கொஞ்சம் பொறுத்து, "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானே" என்றாள். அதற்குப் பிறகு அவள் கூடத்துக்கு வரவில்லை. பாட்டுச் சத்தம் முற்றத்தைத் தாண்டி எங்கள் அறைக்கு வரும், நாங்கள் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம்.

நான் ஒரு நாள் தட்டில் சோறு போட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லாமல் பிசைந்தேன். முதல் கவளத்தை எடுப்பதற்குள் அவள் முகம் சுவருக்குப் போய்விட்டது.

"அம்மா, இங்க பாரு."

"நீ தின்னு."

"நீ பாத்தாத்தான் திம்பேன்."

"எங்கண்ணு நல்ல கண்ணு இல்லட்டி இப்ப" என்றாள் சுவரிடம். "இதுல என்னென்னமோ கெடக்கு. உம்மேல பட வேண்டாம்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போனேன். அப்பாவிடம் சொன்னேன், நீங்களாவது ஒரு நாள் அம்மா எதிரில் சாப்பிடுங்கள் என்று. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கு எறங்காதும்மா" என்றார்.

மழைக்காலம் தொடங்கியபோது மறுபடி அடையாறில் சேர்த்தோம். இந்த முறை குழாயிலும் சரியாக இறங்கவில்லை. ஆபீசிலிருந்து நேராக பஸ் பிடித்துப் போவேன். வார்டில் வரிசையாகக் கட்டில்கள். நோயாளியோடு வந்தவர்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார்கள், முதுகைக் கட்டடத்துக்குக் காட்டிக்கொண்டு. எல்லாருமே எங்கள் வீட்டு ஆட்கள்தான் போலிருந்தது.

ஒரு நாள் காலையிலேயே கூட்டாஞ்சோறு செய்து, மாலையில் டப்பாவோடு போனேன். அம்மாவின் சமையல் அது. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றாகப் பொங்குவது. அவள் படுத்த பிறகு எங்கள் வீட்டில் அதை யாரும் செய்ததில்லை. ஏன் அன்றைக்குச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நர்ஸிடம் கேட்டு அம்மாவைச் சக்கர நாற்காலியில் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். மழை நின்று மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த மாலைக்கு மறுநாள் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டப்பாவைத் திறந்தேன். வாசனை எழுந்தது. அம்மாவின் மூக்கு அசைந்தது, தலை திரும்பத் தொடங்கியது. திரும்பிக்கொள்வதற்கு அங்கே சுவர் இல்லை. வராந்தாத் தூணும் தாழ்வாரமும் ஈரத் தோட்டமும்தான்.

"மூடுட்டி" என்றாள்.

"மாட்டேன்."

"வயித்து வலி வந்துச்சுன்னா?"

எங்கிருந்து வந்தது என்று தெரியாது, எனக்குக் கோபம் வந்தது. அவள் வியாதியிடம் வராத கோபம், மிளகாய் போட்டவர்களிடம் வராத கோபம், எல்லாம் சேர்ந்து வந்தது. "பொறந்ததுலேருந்து நீ பாத்துத்தானம்மா நான் தின்னேன்" என்றேன். "ஒவ்வொரு வாயும் நீ பாத்ததுதான். எந்த வயித்து வலியில செத்தேன் நான்? சொல்லு."

பக்கத்தில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அவள் தலை என் பக்கமே நின்றுவிட்டது.

நான் சாப்பிட்டேன். வராந்தாத் தரையில், அவள் முழங்காலுக்கு எதிரே, சம்மணம் போட்டு. முதல் வாய் கல் மாதிரி நின்றது, மென்று விழுங்கினேன். இரண்டாவது இறங்கியது. அம்மாவின் கண்கள் என் விரலோடு கீழே போய், சோற்றைத் தொட்டு, என் வாய்க்கு வந்தன. தாடை அசைந்தது. நான் மெல்ல அவளும் மென்றாள். நான் விழுங்கியபோது அவள் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அங்கே போக வழி இல்லை, ஆனாலும் ஏறி இறங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கண்கள் பெரிதாக இருந்தன, முகத்தில் மற்றதெல்லாம் கரைந்துபோய் அவை மட்டும் இருந்தன. என்னைத்தான் தின்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. தின்றுகொள்ளட்டும் என்றும் தோன்றியது. நான் நிறுத்தவில்லை. வாயில் சத்தம் வந்தது, வரட்டும் என்று விட்டேன். கையில் வழிந்ததை நக்கினேன். டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்ததை வழித்தேன். மரத்தடிக்காரர்களில் ஒரு கிழவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் மெதுவாக, தன் டப்பாவோடு கட்டடத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

பார்க்க வந்தவர்கள் கிளம்பச் சொல்லி மணி அடித்தது. குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அம்மா களைத்துப்போயிருந்தாள், பெரிய விருந்து முடித்தவள் மாதிரி நாற்காலியில் சரிந்திருந்தாள். உதட்டை நாக்கால் தடவினாள். நான் அவளை வார்டுக்குள் தள்ளிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

"உப்பு கம்மி" என்றாள்.

"நீ எங்கம்மா ருசி பாத்த?"

"ஒம் மூஞ்சியிலதான். மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்லுவியான்னு பாத்தேன், சொல்லவே இல்ல. திருட்டுக் கழுத."

நர்ஸ் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினாள், நேரமாகிவிட்டது என்று. நான் பையை எடுத்துக்கொண்டேன். வாசல் வரைக்கும் போனவளை அந்தக் காற்றுக் குரல் மறுபடி கூப்பிட்டது. திரும்பினேன்.

"நாளைக்கு உப்பு பாத்துப் போடு. ரெண்டு கரண்டி கூட வச்சு, ஒங்கப்பாவையும் கூட்டிட்டு வா."